கமர்ஷியல் ரோட்டுப் பெரிய கடைகளை மூடியது யார்?

ஏப்ரல் 6, மாலை. வாசகர் ஒருவரின் கேள்வி

ஏப்ரல் 2 கடையடைப்பு அன்னைக்கு ஊட்டி கமர்ஷியல் ரோட்டை முழுசா நடந்து பார்த்தேன். ஷட்டர் எல்லாம் இறங்கியிருந்ததால மேல இருக்கிற பழைய கட்டடங்கள் கண்ணுல பட்டுச்சு. சின்ன வயசுல ஒரே கூரைக்குள்ள ரொட்டியில இருந்து ரெயின்கோட் வரை வித்த குடும்பக் கடைகள் இருந்துச்சே, அதெல்லாம் எங்க போச்சு? நான் சொல்றது இதுதான்: ஆன்லைன் வியாபாரம் கொன்னுடுச்சு. நம்ம மலையில பிறந்த நீல்கிரிஸ் கடையையே குடும்பம் கைவிட வேண்டி வந்துச்சுன்னா மத்தவங்க எம்மாத்திரம்? மறுக்கிறவங்க மறுக்கலாம்.

ஏப்ரல் 6, இரவு

மறுக்கிறேன். எங்க அப்பா கணக்குப்பிள்ளையா இருந்த கடை உடைஞ்சப்போ ஊட்டியில செல்போனே கிடையாது. ஆன்லைன் வந்து பார்த்தப்போ கொல்றதுக்கு அங்க ஒண்ணும் மிச்சமில்ல.

கடை பேரைச் சொல்ல மாட்டேன். அந்தக் குடும்பத்துப் பேரப்பிள்ளைகள் இன்னும் இங்கேயேதான் இருக்காங்க, சாயங்காலம் நடக்கப் போனா எதிர்ல வருவாங்க. கீழ முன்பக்கம் பிஸ்கட், ஜாம், டின் சாமான், சீஸ். இடப்பக்கம் கம்பளி நூல், ஊசி, குல்லா, ஸ்வெட்டர். மரப்படி ஏறினா கோட்டுத் துணி, ஸ்கூல் யூனிபார்ம், ரெண்டு டெய்லர். பின்னால குடோன்ல எஸ்டேட்டுக்குப் போற கம்பூட், குடை, கம்பளி, ஹரிக்கேன் விளக்கு. அண்ணன் தம்பி மூணு பேர். கடையில அவங்களுக்குப் பேரே கிடையாது: பெரியவர், நடுவர், சின்னவர். பள்ளிக்கூட லீவுல நான் அங்க நூல்கண்டு எண்ணி அடுக்கியிருக்கேன். சம்பளம் ஒரு பாக்கெட் கிரீம் பிஸ்கட்.

நீல்கிரிஸ் பத்தி நாளைக்கு எழுதறேன். அது வேற கதை. அங்க குடும்பம் கைவிடல, வித்துச்சு. ரெண்டும் ஒண்ணில்ல.

ஏப்ரல் 7

நீல்கிரிஸ் மலையில பிறந்துச்சா? பாதி சரி. தொடங்கினவர் முத்துசாமி முதலியார், ஈரோட்டுப் பக்கத்துக்காரர். கோயம்புத்தூர்ல இருந்து ஊட்டி, குன்னூர் வெள்ளைக்காரங்களுக்குக் கடிதமும் காசோலையும் சுமந்துக்கிட்டு வந்தவர். அப்படிப் பழக்கமான ஒரு இங்கிலீஷ்காரர்கிட்ட இருந்து வெண்ணெய் வியாபாரத்தை வாங்கினார். வருஷம் 1905.

அந்த வருஷத்தைக் கொஞ்சம் கவனிங்க. மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூருக்கு ரயில் வந்தது 1899. ஊட்டியைத் தொட்டது 1908. அதாவது பாதி மலைக்கு ரயில், மீதி மலைக்கு மாட்டு வண்டியும் குதிரையும்னு இருந்த காலம். தபால் சுமக்கிறவருக்கு எந்த பங்களாவுல யார் இருக்காங்க, எப்ப இறங்கிப் போவாங்க, யார் கைல காசு இருக்கு, யார் சும்மா ஜம்பம்னு எல்லாம் தெரியும். கடை வைக்கிறவனுக்கு இதைவிட வேற என்ன முதல் வேணும்? வெண்ணெய்க்கு மலைக் குளிர் தோது. ஐஸ் பெட்டி இல்லாத நாள்ல சமவெளியில வெண்ணெயை உருகாம வைக்கிறதே பெரும்பாடு.

பிறகு 1936ல பெங்களூர் பிரிகேட் ரோட்டுக்குப் போனாங்க. ஏன் பெங்களூர்? கன்டோன்மென்ட். வெள்ளைக்காரன் இருந்த பக்கம் வெண்ணெய் போச்சு, அவ்வளவுதான். பால் பண்ணையோட பேக்கரி சேர்ந்துச்சு, சாக்லேட் சேர்ந்துச்சு. அடுத்த தலைமுறையில சென்னியப்பன் மேல்நாட்டுக் கடைகளைச் சுத்திப் பார்த்துட்டு வந்து, வாடிக்கைக்காரரே கூடையைத் தூக்கிக்கிட்டுப் பொருள் எடுக்கிற முறையைக் கொண்டு வந்தார். கிறிஸ்துமஸ் சமயத்துல பெங்களூர்ல நடக்கிற பெரிய கேக் கண்காட்சியும் அந்தக் குடும்பம் தொடங்கி வெச்சதுதான்.

2008ல ஆக்டிஸ்ங்கிற முதலீட்டு நிறுவனம் பெரும்பங்கை வாங்குச்சு. 2014ல பியூச்சர் குழுமம் சுமார் 300 கோடி ரூபாய்க்கு எடுத்துச்சு. குடும்பம் கையில நூறு வருஷத்துக்கு மேல இருந்திருக்கு. கடை நல்லா ஓடிக்கிட்டு இருக்கும்போதே பங்கு கைமாறுச்சு. இதைப் போய் "கைவிட வேண்டி வந்துச்சு"ன்னு எப்படிச் சொல்றது?

ஏப்ரல் 7, மறுபடியும்

"அந்த வெண்ணெய் தோடர் எருமைப் பால்ல எடுத்ததா?"ன்னு ஒரு தம்பி கேட்டிருக்கார். தோடர் மந்துல, அதாவது அவங்க குடியிருப்புல, வெண்ணெயும் நெய்யும் எடுக்கிறது உண்டு, பால் அவ்வளவு கெட்டி. ஆனா பிரிகேட் ரோட்டுக்கு எருமையை ஓட்டிக்கிட்டுப் போயிருக்க மாட்டாங்க தம்பி.

ஏப்ரல் 9

கடன் நோட்டு பத்திச் சொல்லாம இந்தப் பேச்சு நகராது.

அந்தக் காலத்துப் பெரிய கடைகள்ல ரெண்டு ஜாதி. ஒண்ணு, ரொக்கம் மட்டும். கல்கத்தாவுல 1882ல ஆரம்பிச்சு மெட்ராஸ் மவுண்ட் ரோடு வரைக்கும் வந்த ஒயிட்அவே லெய்ட்லா கடைக்கு வெள்ளைக்காரங்களே வெச்ச பட்டப்பேர் "ரைட் அவே அண்ட் பெய்ட் ஃபார்". காசை வெச்சாத்தான் சாமான் கை மாறும். இன்னொண்ணு, நோட்டுக் கடை. எங்க கடை ரெண்டாவது. மலையில பெரும்பாலும் ரெண்டாவதுதான் நின்னுச்சு. காரணம் எளிசு, இங்க யார் கைக்கும் தினசரி காசு வராது. காசு வர்ற நாள் ஊருக்கு ஊர் வேற.

அப்பா நோட்டை ஆள் பேர்ல வெச்சிருக்கல, காசு வர்ற வழியில வெச்சிருந்தார். அருவங்காடு கார்டைட் பேக்டரி, அதாவது வெடிமருந்து பேக்டரி, ஆட்களுக்குத் தனி நோட்டு. 1904ல இருந்து இருக்கிற பேக்டரி, சம்பளம் தேதி தவறாது, மாசம் பிறந்து முதல் வாரத்துல வரவு ஏறிடும். இந்து நகர் பிலிம் பேக்டரிக்கு ஒரு நோட்டு, அறுபதுகளின் கடைசியில பிறந்தது. அந்த ஜனங்க டெரிகாட்டன், ஷூ, குழந்தைக்குக் கேக்குன்னு தாராளமா வாங்குவாங்க. வெலிங்டன் மிலிட்டரி ஆபீசர்களுக்கு நீல அட்டை போட்ட நோட்டு. ஸ்டாப் காலேஜ் கோர்ஸ் ஜூன்ல தொடங்கி ஏப்ரல்ல முடியும், வந்தவங்க நாலா திசைக்கும் போயிடுவாங்க. அதனால மார்ச் பிறந்தா அப்பா அந்த நோட்டைத்தான் கையிலேயே வெச்சிருப்பார். மிஸ்டர் இன்னாரோட மனைவி வண்டியை விட்டு இறங்கும்போதே எழுந்து நின்னு கும்பிடு போடுவார். கும்பிடு மரியாதைக்கு இல்ல, ஞாபகப்படுத்த.

நாலாவது நோட்டுதான் தடி. படுகர் ஹட்டிகளுக்கு, அதாவது அவங்க ஊர்களுக்கு. ஹட்டி வாரியாப் பக்கம் பிரிச்சு, உருளைக்கிழங்கு லோடு மேட்டுப்பாளையம் மண்டியில வித்து வந்த பிறகு வரவு. மண்டி விலை விழுந்துச்சுன்னா அடுத்த போகம் வரைக்கும் பொறுக்கணும். பெரியவர் காலையில கேட்கிற முதல் கேள்வி "மேட்டுப்பாளையத்துல என்ன விலை?" காப்பி அதுக்கப்புறம்தான்.

எழுத்துல நம்பிக்கைப் பத்திரம், ஈடு, வட்டி ஒண்ணும் கிடையாது. புது ஆள் வந்தா, தெரிஞ்ச பெரியவர் ஒருத்தர் கூட வந்து கல்லா பக்கத்துல சும்மா நிப்பார். ஒண்ணும் பேச மாட்டார். அந்த நிக்கிறதுதான் ஜாமீன்.

ஏப்ரல் 10

கோத்தகிரி நண்பர் சொல்றார்: "உங்க கடையைக் கொன்னது பச்சைத் தேயிலை விலை. இலைப் பணம் விழுந்துச்சு, நாங்க வாங்கறதை நிறுத்தினோம்."

இதுல நியாயம் இருக்கு, அதனால கொஞ்சம் நீட்டிச் சொல்றேன். உருளைக்கிழங்கை விட்டுட்டு ஜனங்க தேயிலைக்கு மாறினதும் கடன் நோட்டோட தாளமே மாறுச்சு. வருஷத்துக்கு ரெண்டு தடவை வந்த பணம் மாசாமாசம் வர ஆரம்பிச்சுது, தேயிலை பேக்டரிக்காரர் இலைக்கு மாசக் கணக்கு முடிச்சுக் கொடுப்பார். அப்பாவுக்கு அது பொற்காலம். குன்னூர் ஏலத்துல விலை நல்லா இருந்த வருஷங்கள்ல கல்யாணத்துக்கு வெள்ளைத் துணி, போர்வை, சூட்கேஸ் எல்லாம் மூட்டையா போகும். ரஷ்யாக்காரன் நம்ம தூளை வாங்கிக்கிட்டு இருந்தவரை யாரும் கவலைப்படல. சோவியத் உடைஞ்சதும் ஆட்டம் கண்டுச்சு. தொண்ணூறுகளின் கடைசியில இலை விலை அடியோட படுத்துச்சு, சின்ன விவசாயிக்குப் பறிக்கிற கூலி கூடக் கட்டல. ரோட்டுல உட்கார்ந்து போராடினாங்க.

ஆனா பாருங்க, அதுக்கு முன்னாடியே எங்க கடை மூணாப் பிரிஞ்சிடுச்சு. இலை விலை விழுந்தப்போ படுத்தது மூணு சின்னக் கடைகள். முழுக் கடையா இருந்திருந்தா தாங்கியிருக்கும்னு நான் நினைக்கிறேன். இந்தப் பக்கம் ஹட்டி நோட்டு காய்ஞ்சாலும் அந்தப் பக்கம் கார்டைட் நோட்டு ஈரமா இருக்கும். பிரிஞ்ச பிறகு ஒருத்தர்கிட்ட ஒரே வழிதான் இருந்துச்சு.

பிலிம் பேக்டரி சரிஞ்ச கதையும் இதே காலத்துதான். அதை அங்க வேலை பார்த்தவங்க யாராவது எழுதுங்க, எனக்குக் கடைப் பக்கம்தான் தெரியும்.

ஏப்ரல் 12

கடை சுற்றுலாக்காரங்களை நம்பித்தானே ஓடுச்சு, யூனிபார்ம்ல என்ன பெரிசா வந்துடும்னு கேட்டதுக்கு.

சுற்றுலாக்காரங்களை நம்பி அந்தக் கடை நடக்கல. சீசன்ல, அதாவது ஏப்ரல் மே, அப்புறம் செப்டம்பர் அக்டோபர், கூட்டம் இருக்கும். வாங்கறது குல்லாவும் மப்ளரும். லாபம் உண்டு, ஆனா வாடிக்கை கிடையாது. நிஜமான சோறு போர்டிங் ஸ்கூல்ல இருந்துதான் வந்துச்சு. லவ்டேல் லாரன்ஸ் பள்ளி 1858ல இருந்து இருக்கு. அதைத் தவிர மலை முழுக்க எத்தனை எத்தனை கான்வென்ட். எல்லாப் பள்ளியும் சாமான் பட்டியல் அனுப்பும்: ப்ளேசர் இத்தனை, சாம்பல் கால்சராய் இத்தனை, கம்பளிச் சாக்ஸ், டிரெஸ்ஸிங் கவுன், ரக், ஹாட் வாட்டர் பேக். ஒவ்வொண்ணுலயும் பிள்ளையோட பேர் நெய்த நாடா தைக்கணும். எந்தப் பட்டியல் யாருக்குப் போகுதுங்கிறதுதான் கமர்ஷியல் ரோட்டு அரசியல். டெண்டர், கமிஷன்னு சொல்லிக்கிறவங்க உண்டு. எங்க நடுவர் செய்தது வேற. பள்ளிக்கூட மேட்ரன்களை அவருக்கு ஒவ்வொருத்தராத் தெரியும். எந்தப் பையன் ஒரு வருஷத்துல எவ்வளவு உயரம் போட்டான்னு மேட்ரன் சொல்வாங்க, துணியை மடக்கித் தைக்கச் சொல்லி டெய்லர்கிட்ட இவர் சொல்வார்.

ஸ்வெட்டரை மட்டும் எடுத்துக்கிட்டா, அந்த வியாபாரம் பொட்டானிக்கல் கார்டன் பக்கம் திபெத்தியர் மார்க்கெட்டுக்குப் போயிடுச்சு. அதுல யாரையும் குத்தம் சொல்ல முடியாது. அவங்க விலைக்கு இவங்களால விக்க முடியல, இவங்க விலைக்கு நானே வாங்கல. ஆமா, முதலாளி கடைக்குத் துரோகம். அப்பாவுக்குத் தெரியாம பழுப்பு ஸ்வெட்டர் ஒண்ணு வாங்கிப் போட்டுக்கிட்டுத் திரிஞ்சேன்.

ஏப்ரல் 13

மஞ்சப்பை உண்டான்னு கேட்டவங்களுக்கு: உண்டு. முருகன் படம், கடை பேர், போன் நம்பர் மூணு இலக்கம். பிளாஸ்டிக்கை நீலகிரி 2000 வாக்குல ஒதுக்குச்சு, ஊர் ஊரா மஞ்சப்பை திரும்ப வந்தது 2021க்கு அப்புறம். எங்க வீட்டுல அந்தப் பழைய பையில இன்னும் ஒண்ணு இருக்கு. அதுல ராகி மாவு.

ஏப்ரல் 15

சரி. கடை எப்படிப் பிரிஞ்சுது.

பெரிய முதலாளி, அதாவது மூணு பேரோட அப்பா, உயில் எழுதாமப் போயிட்டார். ஆனாலும் சில வருஷம் ஒண்ணும் ஆகல. ஒரே கல்லா, ஒரே சமையல். பிறகு பிள்ளைகள் வளர்ந்தாங்க. பெரியவர் மகன் கோயம்புத்தூர்ல இன்ஜினியரிங், நடுவர் மகள் கல்யாணம், சின்னவருக்குத் தனி வீடு வேணும். சண்டைன்னு ஒண்ணும் பெரிசா இல்ல. கல்லாவுல இருந்து யார் எவ்வளவு எடுக்கிறாங்கன்னு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க ஆரம்பிச்சாங்க, அவ்வளவுதான்.

இதுக்கு நடுவுல சட்டம் ஒண்ணு வந்திருந்துச்சு. தமிழ்நாட்டுல 1989 மார்ச் 25ல இருந்து கூட்டுக் குடும்பச் சொத்துல பொண்ணுக்கும் பையனுக்குச் சமமா பங்கு. ஆனா அந்தத் தேதிக்கு முன்னாடி கல்யாணம் ஆன பொண்ணுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அந்த வீட்டுல ரெண்டு அக்கா தங்கச்சி. அக்காவுக்கு எப்பவோ கல்யாணம் ஆயிடுச்சு. தங்கச்சிக்கு 1990ல. ஒரே வயித்துல பிறந்த ரெண்டு பேர்ல ஒருத்திக்கு முழுப் பங்கு வாங்க வழி இருந்துச்சு, இன்னொருத்தி முகூர்த்தத் தேதியால அந்த வழியே இல்லாமப் போனா. 2005ல மத்தியச் சட்டம் மாறின பிறகுதான் இந்தக் கோணல் போச்சு.

தங்கச்சி பங்கு கேட்டா. ஊரே அவளைத் திட்டுச்சு. "கடையை உடைச்சவ"ன்னு எங்க அம்மா உள்பட எல்லாரும் சொன்னாங்க. நான் அன்னைக்கும் சொன்னேன், இன்னைக்கும் சொல்றேன்: கூடப் பிறந்த மூணு பேர் வருஷக்கணக்கா எடுத்ததை அவ ஒரே தடவையாக் கேட்டா, அது எப்படித் தப்பாகும்? தப்பு பணம் கொடுத்த விதத்துல. இடம் அவளுக்கு வேண்டாம், ரொக்கம் வேணும். ரொக்கம் இல்ல. சரக்கை அடிமாட்டு விலைக்குத் தள்ளிக் காசு பண்ணினாங்க. ஒரு சீசனுக்கு முன்னாடி குடோன் காலியான கடையில வாடிக்கை எப்படி நிக்கும்? நூல் கேட்டா நூல் இல்ல, பிஸ்கட் கேட்டா "அடுத்த வாரம் வருது".

மிச்சமிருந்த கட்டடத்தை மூணு பேரும் பிளைவுட் சுவர் வெச்சுப் பிரிச்சுக்கிட்டாங்க. மரப்படி நடுவருக்கு. மாடி பெரியவருக்கு. பெரியவர் தன் மாடிக்குப் போகத் தம்பி இடத்தைத் தாண்டணும்.

ஏப்ரல் 16

"தி.நகர்ல குடும்பங்கள் பிரியவே இல்லையா? பிரிஞ்ச பிறகும் ஆளுக்கொரு மாளிகை கட்டி நிக்கலையா?"

நல்ல கேள்வி. ராத்திரி முழுக்க இதையே யோசிச்சேன். போத்தீஸ் 1923ல ஸ்ரீவில்லிபுத்தூர்ல தொடங்கினது. ஆர்எம்கேவி 1924ல திருநெல்வேலியில. நல்லி 1928ல தி.நகர். எல்லாம் குடும்பம்தான், நாலு தலைமுறை ஆகியும் ஓடுது. சரவணா ஸ்டோர்ஸ் குடும்பம் கிளை கிளையாப் பிரிஞ்சும் ஒவ்வொரு கிளையும் தனிக் கடையா நிமிர்ந்துச்சு. எங்க ஊர்ல மட்டும் என்ன?

என் பதில்: அங்க மேல ஏறலாம், இங்க ஏற முடியாது. சமவெளியில அண்ணன் தம்பி பிரிஞ்சா ஒருத்தர் பக்கத்து மனையை வாங்குவார், மாடி மேல மாடி போடுவார். மலையில மனை கிடையாது. கட்டட விதி வேற. 1993 மாஸ்டர் பிளானுக்குப் பிறகு ஏழு மீட்டருக்கு மேல உயரம் போட முடியாது, சரிவுல தோண்டக் கூடாது, அனுமதிக்கு அலையணும். விதி தேவைதான், மழைக்காலத்துல மண்சரிவு பார்த்தவ நான், அதைக் குறை சொல்லல. ஆனா ஒரு கடையை மூணா வெட்டினா மூணும் அதே தரையிலதான் நிக்கணும். முன்னூறு சதுர அடியில யூனிபார்மும் வெக்க முடியாது, ஜாமும் வெக்க முடியாது. ஏதோ ஒண்ணைத்தான் விக்கலாம். ஒண்ணை மட்டும் வித்தா அது டிபார்ட்மென்ட் ஸ்டோர் இல்ல.

இன்னொண்ணு. அங்க ஜனங்க பஸ் ஏறி வர்றாங்க. இங்க இருக்கிறவங்களே பஸ் ஏறி மேட்டுப்பாளையம், கோயம்புத்தூர் போய்த் துணி எடுக்க ஆரம்பிச்சாங்க. தீபாவளிக்கு கிராஸ்கட் ரோட்டுல பார்த்தா பாதி நீலகிரி அங்கதான்.

ஏப்ரல் 18

மெட்ராஸ் ஸ்பென்சர்ஸ் கடையை விட்டுட்டேன்னு ஒரு சார் கோவிச்சுக்கிட்டார். ஊட்டியில அவங்களுக்குக் கிளை இருந்தது உண்மை. மெட்ராஸ் கவர்மென்ட் வெயில் காலத்துல மலைக்கு ஏறி வரும், கவர்னர் பின்னாடி செக்ரட்டரி, செக்ரட்டரி பின்னாடி சீஸ். ஆனா அது குடும்பக் கடைன்னு சொல்றது சரியில்ல சார். 1863ல டூரண்ட்டும் ஸ்பென்சரும் மவுண்ட் ரோட்டுல தொடங்கினாங்க. 1882ல யூஜின் ஓக்‌ஷாட் வாங்கிட்டார். பெயர் மட்டும் ஸ்பென்சர், முதலாளி வேற ஆள். 1895ல பெரிய கட்டடம் எழுப்பினதெல்லாம் ஓக்‌ஷாட் காலத்துல. அப்புறம் கம்பெனி, பங்குகள். ஸ்பென்சர்ங்கிற மனுஷன் போன பிறகும் நூறு வருஷத்துக்கு மேல அவர் பேர்ல பிஸ்கட் வித்தாங்க.

இதை எழுதும்போதே ஒண்ணு தோணுது. யோசிச்சுட்டு வரேன்.

ஏப்ரல் 21

தோணினது இது. ஸ்பென்சர்ஸ் கை மாறுச்சு, நின்னுச்சு. நீல்கிரிஸும் கை மாறுச்சு. எங்க கடையை மட்டும் யாராலயும் வாங்கியிருக்க முடியாது. அதுக்குக் காரணம் அப்பாவோட நோட்டுதான்.

விளக்கறேன். வெளியாள் ஒரு வியாபாரத்தை வாங்கணும்னா கடைக்கு எவ்வளவு வருது, எவ்வளவு போகுதுன்னு தெரியணும். எங்க நோட்டுல கடையும் வீடும் ஒண்ணு. "பெரியம்மா மருந்து", "பழனிக்குப் போய் வந்தது", "சின்னவர் ஸ்கூட்டர்", "தோட்டக்காரன் மகள் காதுகுத்து" எல்லாம் கடைச் செலவுல வரும். மளிகை கடையில இருந்து வீட்டுக்குப் போகும், பில் கிடையாது. வீட்டுத் தோட்டத்து பிளம்ஸும் பேரிக்காயும் கடைக்கு வரும், அதுக்கும் கணக்கு கிடையாது. அப்பா மனசுல எல்லாம் பிரிஞ்சுதான் இருந்துச்சு. ஆனா அது அப்பா மனசுல. பேப்பர்ல இருந்தது வருமான வரிக்காகத் தனியா எழுதின மெலிஞ்ச நோட்டு, அதைப் பார்த்தா யாரும் அந்தக் கடையை ஓசியில கூட வாங்க மாட்டான்.

கோயம்புத்தூர்ல இருந்து ஒரு பார்ட்டி விலை பேச வந்தாங்க. ரெண்டு நாள் அப்பாகூட உட்கார்ந்தாங்க. மூணாவது நாள் கட்டடத்துக்கு மட்டும் விலை சொன்னாங்க. வியாபாரத்துக்குச் சைபர். பெரியவருக்கு அவமானம் தாங்கல, காப்பி கூடக் கொடுக்காம அனுப்பிட்டார்.

அதனால ஏப்ரல் 15ல பாகப்பிரிவினை மேல போட்ட பழியில பாதியை இங்க இறக்கி வெக்கிறேன். நீல்கிரிஸ் குடும்பம் கடையை வீட்டுல இருந்து எப்பவோ பிரிச்சுக் கம்பெனியா வெச்சிருந்துச்சு. அதனாலதான் 2008ல விக்க ஒரு பொருள் அவங்க கையில இருந்துச்சு. எங்க கடையில இருந்ததெல்லாம் மனுஷப் பழக்கம். பழக்கத்துக்குப் பத்திரம் பதிய முடியாது.

ஏப்ரல் 22

"உங்க அப்பாவை நீங்களே குத்தம் சொல்றீங்களே அக்கா?"

அவர் இருந்தா இன்னும் மோசமாச் சொல்வார். முதலாளி சொன்னபடி எழுதினார். தனியா எழுதலாம்னு ஒரு தடவை சொல்லிப் பார்த்தாராம். "நாம என்ன நம்மளையேவா ஏமாத்திக்கிறோம்?"னு பெரிய முதலாளி கேட்டாராம். அதுக்கு மேல என்ன பேசறது?

ஏப்ரல் 24

கோத்தகிரி நண்பர் கேட்டது: கடன் நோட்டெல்லாம் என்ன ஆச்சு, அவங்க ஹட்டிப் பக்கம் கிடைக்குமா?

சுவரைப் பிரிச்ச மாதிரி வராத பாக்கியையும் பிரிச்சாங்க. தங்கச்சி புத்திசாலி, "எனக்குப் பாக்கி வேண்டாம்"னு ஒதுங்கிட்டா. மூணு பேர், நாலு நோட்டு. பெரியவர் மூத்தவர்ங்கிறதால முதல்ல எடுத்தார்: கார்டைட், பிலிம் பேக்டரி ரெண்டும். மாசச் சம்பளக்காரங்க, அலையாம வசூல் ஆகும்னு கணக்கு. நடுவர் இங்கிலீஷ் பேசறவர், மிலிட்டரி மேல ஒரு மயக்கம், நீல அட்டையை எடுத்துக்கிட்டார். சின்னவருக்கு மிஞ்சினது ஹட்டி நோட்டு. அதைக் கையில வாங்கும்போது அவர் முகம் போன போக்கை அப்பா ரொம்ப நாள் சொல்லிச் சிரிப்பார்.

பெரியவருக்குக் கார்டைட் பாக்கி வந்துச்சு, பிலிம் பேக்டரி பாக்கி இழுத்துச்சு. சின்னவர் ஜீப் எடுத்துக்கிட்டு ஹட்டி ஹட்டியாப் போனார். காசு இருந்தவங்க கொடுத்தாங்க, இல்லாதவங்க முட்டைக்கோஸ் ஏத்தி விட்டாங்க. ஒரு வீட்டுல, செத்துப்போன தாத்தா பேர்ல இருந்த பாக்கியைப் பேரன் எண்ணி வெச்சுட்டு, "அந்தப் பக்கத்தைக் கிழிச்சுக் கொடுங்க"ன்னு கேட்டு வாங்கிக்கிட்டானாம். அதனால உங்க ஹட்டிப் பக்கம் இருக்காதுன்னுதான் நினைக்கிறேன், உங்க வீட்டுப் பெட்டியிலேயே தேடிப் பாருங்க. மிச்ச நோட்டு பழைய பேப்பர்காரர் வழியா பேக்கரிக்குப் போச்சு. கொஞ்ச நாள் ஊட்டியில வர்க்கி வாங்கினவங்க அடுத்தவன் கடனைச் சுத்தித்தான் வாங்கிக்கிட்டுப் போனாங்க.

நடுவர் மட்டும் ரெண்டு வருஷம் போஸ்ட் கார்டு எழுதினார். அவர் நோட்டுல இருந்தது பூரா பதான்கோட், டேராடூன், ஜோர்ஹாட் விலாசம்.